உனக்கொன்று, எனக்கொன்று

"தூக்குல இன்னாம்மா, கறிக்கொழம்பா?" என்று கேட்டார் கண்டக்டர்.

கச்சிராயபாளையத்தில் ஏறியதிலிருந்து உபகாரமேரி அந்த எவர்சில்வர் தூக்கை மடியிலிருந்து இறக்கவில்லை. மூடி மேல் ஒரு கை, அடியில் ஒரு கை. வெள்ளிமலை பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது பக்கத்து சீட்டுக்காரம்மா முழு உடம்போடு இவள் மேல் சாய்ந்தாள். அப்போதும் தூக்கு அசையவில்லை.

"பேப்பர்ப்பா," என்றாள் மேரி.

"பேப்பரா? நான் வேற, கொழம்பு சிந்திடப் போவுது, வளைவுல மெதுவா வுடுங்கண்ணேன்னு டிரைவராண்ட சொல்லிக்கினு இருக்கேன்!"

முன் சீட்டுகளில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மேரியும் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஐம்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அறைக்குள் நுழைந்தால் எட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளரைப் பார்க்கப் போவதில் இத்தனை பயம்.

போன மாதம் அம்மா ஜெயம்மாள் இறந்துபோனாள். முப்பதாம் நாள் பூசை ஆயிற்று. கச்சிராயபாளையத்து வீட்டை விலை பேசியும் ஆயிற்று, திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. நேற்று பரணைக் காலி செய்தபோதுதான் பழைய முறத்துக்கும் உடைந்த அரிக்கேனுக்கும் பின்னால் இந்தத் தூக்கு அகப்பட்டது. வயிற்றில் 'ரா. கமலா' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. திறந்தாள். உள்ளே சுருட்டி வைத்த தாள்கள். ஓரம் பழுத்து, பூச்சி அரித்து, ஆனால் நீல மை அப்படியே இருந்தது.

முதலில் கண்ணில் பட்ட வரியைப் படித்ததும் மேரி பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

'இன்ஜென்யுவஸ்: கள்ளம் கபடம் தெரியாத. உதாரணம்: எங்கள் மேரி.'

கண்ணகியின் கையெழுத்து. வெள்ளிமலைப் பள்ளியில் இப்போது அவள்தான் சத்துணவு அமைப்பாளர் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருந்தாள்.

*

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆகியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாய்ப் போனால் கிளை நூலகம். அங்கே ஒரு தலையணை கனத்தில் ஆங்கில அகராதி இருந்தது. வெளியே எடுத்துப் போகக் கூடாது. எனவே காலை ஒன்பது மணிக்கு நூலகத்துக் கதவு திறக்கும்போதே இரண்டு பெண்கள் படியில் நிற்பார்கள். ஒருத்தி கண்ணகி. ஏரிக்கரை ஸ்டாப் ராமசாமி மகள். நாலு ஏக்கர் கரும்பு, மோட்டார் செட்டு உள்ள குடும்பம். இன்னொருத்தி உபகாரமேரி. அவளுடைய அப்பா அந்தோணிதாஸ் அந்த மாதிரி நாலு ஏக்கர்களில் கரும்பு வெட்டப் போகிறவர்.

இருவரும் மத்திய அரசு கிளார்க் தேர்வுக்குப் படித்தார்கள். கணக்கு பயமில்லை. பொது அறிவு பயமில்லை. ஆங்கிலத்தில் ஒரு பகுதி வரும், அதுதான் ஆளை விழுங்கும். எழுத்தில் அக்கா தங்கச்சி போலவும் அர்த்தத்தில் ஊருக்கு ஊர் தூரமாகவும் இருக்கிற வார்த்தைகள். இங்கிலீஷ்காரனே வாழ்க்கையில் இரண்டு தடவைக்கு மேல் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் கள்ளக்குறிச்சிப் பெண்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

டர்பிட் என்றால் கலங்கியது. டர்ஜிட் என்றால் உப்பிப்போனது. டார்பிட் என்று இன்னொன்று, மந்தம் பிடித்துக் கிடப்பது. போதாததற்கு டாரிட், சுட்டுப் பொசுக்குவது.

"இத எப்படிடீ மண்டையில ஏத்தறது? நாலும் ஒரே மூஞ்சி," என்று மேரி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணகி பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள். "கோமுகி அணைய தொறந்தா மொத நாள் வருதே தண்ணி, அது டர்பிட். எங்கம்மா இட்லிக்கு ஊறப் போட்ட உளுந்து, டர்ஜிட். சித்திர மாசத்து வெயிலு டாரிட். அந்த வெயில்ல ஏரில படுத்துக்கினு எழுந்திரிக்கவே மாட்டேங்குதே எங்க வூட்டு எருமை? அது டார்பிட்."

நூலகர் எழுந்து வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்கிற அளவுக்கு மேரி சிரித்தாள். ஆனால் அந்த நாலும் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மேல் தூங்கி வழிகிற ஒரு குமாஸ்தாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எருமைதான் ஞாபகத்துக்கு வரும்.

அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரே நோட்டு. விரித்தால் இடப்பக்கம் கண்ணகிக்கு, வலப்பக்கம் மேரிக்கு. அவள் ஒரு வார்த்தையும் அர்த்தமும் உதாரணமும் எழுதுவாள். அதே வரிக்கு நேராக, எதிர்ப்பக்கத்தில் அதன் இரட்டையை இவள் எழுதுவாள். நோட்டைத் திறந்தால் ஜோடிகள் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கும். ஒருத்தி பக்கத்தில் இன்னொருத்தி பேனா வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கு மாங்காய்ப் பத்தை வாங்கித் தர வேண்டும்.

அர்த்தம் சொல்வதில் மேரியும் லேசுப்பட்டவள் இல்லை. வீனல், வீனியல் என்று ஒரு ஜோடி வந்தது. வீனல் என்றால் காசுக்கு விலைபோகிறவன். வீனியல் என்றால் மன்னித்துவிடக்கூடிய சின்னத் தப்பு.

"இது எங்க கோயில்லயே சொல்லிக் குடுத்துருக்காங்க," என்றாள் மேரி. "பாவத்துல ரெண்டு வகை. சாவான பாவம், அற்பப் பாவம். வீனியல்னா அற்பப் பாவம்."

"சின்னதா பெருசான்னு யாரு அளக்கறது?"

"சாமியாரு."

"யாருக்குப் பண்ணமோ அவங்க அளக்க மாட்டாங்களா?"

மேரி நோட்டை அவள் பக்கம் தள்ளினாள். "நீ எழுதுடீ, லைப்ரரி மூடிடுவாங்க," என்று பேச்சை மாற்றினாள்.

*

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில். அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் நூலகத்துக்குக் கடைசி நாள் என்று வைத்துக்கொண்டார்கள். கண்ணகி வீட்டில் வெள்ளியிலிருந்து கரும்பு வெட்டு. ஆட்களுக்குச் சோறு பொங்க அவளும் வேண்டும். அப்பா வெளியே விட மாட்டார். அப்படியானால் நோட்டு யாரிடம் இருப்பது?

"நீ வெச்சிக்க."

"இல்ல, நீ வெச்சிக்க."

கடைசியில் கண்ணகிதான் வழி சொன்னாள். நோட்டின் தையல் நூலைப் பிளேடால் அறுத்தார்கள். நூலகப் படியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வெற்றிலைக் கவுளியைப் பிரிக்கிற மாதிரி தாள் தாளாக எடுத்து வைத்தார்கள். உனக்கொன்று, எனக்கொன்று. உனக்கொன்று, எனக்கொன்று. தாள் தீர்ந்ததும் சரிபாதி. இதைவிட நியாயமான பங்கு உலகத்தில் உண்டா?

பஸ்ஸில் கண்ணகி ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் மேரி தன் பாதியைப் புரட்டினாள். மெண்டாசிட்டி இருந்தது, மெண்டிசிட்டி இல்லை. டர்ஜிட் இருந்தது; டர்பிட் இல்லை. எதிரெதிர்ப் பக்கங்கள் வேறு வேறு தாள் அல்லவா? ஒன்று விட்டு ஒன்று பிரித்ததில் அத்தனை ஜோடியும் பிரிந்துபோயிருந்தது. ஒரு வருஷமாய் மூளையைக் கசக்கிய இரண்டு பெண்களுக்கு இது உறைக்கவில்லை. மேரி தன்னந்தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் டவுன் பஸ் கண்டக்டர் இளவரசன் அவளிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார். அந்தப் பக்கத்து ஊர்களில் அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். மாத்திரை, சேலை, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் கண்டக்டர் கையில் கொடுத்து ஸ்டாப் பேரைச் சொன்னால் போதும். பொட்டலத்தில் கண்ணகியின் பாதி இருந்தது. மேலே ஒரு சீட்டு.

'நம்ம மாதிரி முட்டாளுங்க எந்த எக்ஸாம் எழுதி இன்னா? ஜோடியெல்லாம் பிரிஞ்சி கெடக்குது. என்னுத அனுப்பறேன். காப்பி பண்ணிக்கினு, நாளைக்கு மொத பஸ்ல ரெண்டு பாதியையும் குடுத்தனுப்பு. சனிக்கிழமை முழுக்க நான் படிச்சிக்கறேன்.'

மேரி படித்தாள். எழுதினாள். எழுத எழுத அவளுக்கு ஒன்று தெரிந்தது. கண்ணகி தன்னைவிடக் கெட்டிக்காரி. எப்போதுமே அப்படித்தான். இரண்டு பேரும் எழுதினால் முதலில் அவள். அப்புறம் இடம் இருந்தால்தான் இவள். இன்ஜென்யுவஸ் என்ற வார்த்தையும் அந்தப் பாதியில்தான் இருந்தது. அதையும் காப்பி எடுத்தாள். உதாரணத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ் வந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, தாவணிக்குள் வைத்துக்கொண்டு மேரி ஸ்டாப்பில் நின்றாள். இளவரசன் படியிலிருந்தே கையை நீட்டினார்.

"குடும்மா. அந்தப் பொண்ணு காலையிலேயே சொல்லிச்சி."

மேரி கையை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லண்ணா."

அவர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

அடுத்த நடையிலும் வந்து கேட்டார். "ஏரிக்கரையில நின்னுக்கினு இருக்குது. கையெல்லாம் மாவு, அப்டியே ஓடியாந்திருக்குது. இன்னான்னு சொல்றது?"

"காய்ச்சல்னு சொல்லுங்கண்ணா. எழுந்திரிக்க முடியலன்னு."

இளவரசன் நின்றுகொண்டிருந்தவளை மேலும் கீழும் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். அதற்கப்புறம் இரண்டு நடை அந்தப் பஸ் வந்து போயிற்று. மேரி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. இதையே திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டு படித்தாள்.

பொழுது சாய்கிறபோது அப்பா வந்தார். அன்றைக்கு அவர் கரும்பு வெட்டப் போயிருந்தது ராமசாமி வீட்டு நிலத்துக்கு. மேரி அதை யோசிக்கவே இல்லை. அவர் கையில் கண்ணகியின் அம்மா பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு.

"உனக்குக் காய்ச்சலாமே?" என்றார் அந்தோணிதாஸ்.

மேரி தாள்களை மடியில் கவிழ்த்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சி, எப்டி இருக்குதுன்னு. லேசா இருக்குதும்மான்னு சொன்னேன்." சற்று நின்றார். "மொளகு ரசம் வெச்சி, சோறு கரைச்சிக் குடுத்தனுப்பிச்சி. ஆறிடப் போவுது. சாப்டு."

வேறு ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. சாகிறவரை கேட்கவில்லை. மேரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்த ரசஞ்சோற்றைச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒன்றாகப் பஸ்ஸில் போவதாக இருந்தது. மேரி அப்பாவை அழைத்துக்கொண்டு சின்னசேலம் போய் ரயிலைப் பிடித்தாள். ஆனால் சேலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கண்ணகி அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள். நேராக வந்தாள். புறங்கையை மேரியின் நெற்றியில் வைத்தாள்.

"இப்ப எப்டி இருக்குது?"

"பரவால்லடீ."

கண்ணகி கையை எடுத்துக்கொண்டாள். மணி அடித்தது.

முடிவு பேப்பரில் வந்தபோது மேரியின் நம்பர் இருந்தது. கண்ணகியின் நம்பர் இல்லை.

*

வெள்ளிமலைப் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பள்ளிக்கூடத்துப் பின்புறம் பிள்ளைகள் குழாயடியில் தட்டுகளை மோதிக்கொண்டிருந்தார்கள். சமையல் கூடத்து வாசலில் முட்டை ஓடு வாரிக்கொண்டிருந்த சமையல்கார அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சேலையையும் கைப்பையையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்ததும் பதறிப்போய் உள்ளே குரல் கொடுத்தாள்.

"கண்ணகிம்மா! யாரோ ஆபீசரு வந்திருக்காங்க. இன்ஸ்பெக்ஷன் போலகீது!"

உள்ளேயிருந்து கண்ணகி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இடுப்பில் ஒரு துண்டு. மேரியைப் பார்த்தாள். கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள். தூக்கைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"ஆமா பெரியநாயகி," என்றாள். "இருவத்தொம்போது வருசம் கழிச்சி வந்துருக்கற இன்ஸ்பெக்ஷன். உள்ள வா மேரி. சாப்டியா?"

"கண்ணகி, நான்..."

"சாப்டியான்னு கேட்டேன்."

"இல்ல."

தட்டில் சாதமும் சாம்பாரும் வந்தது. ஒரு முட்டையும் வந்தது. மேரி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணகி அவள் எதிரிலேயே அடுப்பைத் துடைத்தாள், பருப்பு டின்னை மூடினாள், ஜன்னலில் ஏற வந்த குரங்கை விரட்டினாள். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் இறங்குவது கஷ்டம் என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால்.

பெரியநாயகி வாசலில் இருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குச் சொந்தங்களாம்மா?"

"கூடப் படிச்சது."

"இவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்க கூடவா நீங்க படிச்சீங்க?"

"இவங்களுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன். நீ போய் அண்டாவ கவுத்து வை."

பெரியநாயகி போனாள். கண்ணகி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா சாவறவரைக்கும் இந்தத் தூக்கக் கேட்டுக்கினே இருந்துச்சி. எங்கடீ வெச்ச, எங்கடீ வெச்சன்னு. உள்ள இன்னா?"

மேரி மூடியைத் திறந்து தாள்களை எடுத்து நீட்டினாள். இரண்டு பாதியும். கண்ணகி அவற்றைப் பார்த்தாள். தாள்களை வாங்கவில்லை.

"மொதல்ல சொல்லு. வாயால சொல்லு."

வரும்போது மேரி நன்றாகத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். சென்னை மனுஷியாய், தெளிவாய், அளவாய்ச் சொல்ல வேண்டும் என்று. எல்லாம் பறந்துபோயிற்று.

"எனக்குக் காய்ச்சல் இல்ல."

"அப்பறம்?"

"ரெண்டு பாதியும் எங்கையிலதான் இருந்துது. மொத பஸ்ஸுக்கு எடுத்துக்கினு போய் நின்னேன். இளவரசண்ணன் கைய நீட்டுனாரு. குடுக்கல. வேணும்னேதான் குடுக்கல. நீ பாஸ் பண்ணிட்டு நான் பண்ணாம போயிட்டா இன்னா பண்றதுன்னு..." மேரி மூக்கை உறிஞ்சினாள். "உன் சோத்தையும் சாப்டேன்."

வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கண்ணகி துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

மேரி நிமிர்ந்தாள்.

"சேலத்துல தொட்டுப் பாத்தேனே. ஜில்லுனு இருந்துது. மோரு பானைய தொட்டாப்புல. மொத நாளு எழுந்திரிக்க முடியாம கெடந்தவ நெத்தியா அது? எக்ஸாம் எழுதிக்கினு இருக்கறப்ப அதேதான் ஓடிச்சி. கேள்வித்தாள்ல வார்த்த நிக்கல, உன் நெத்திதான் நின்னுது."

"அதனாலதான் போச்சா?" மேரி கேட்டாள். இத்தனை வருஷம் தனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. "நான் அனுப்பியிருந்தா நீ பாஸ் பண்ணியிருப்பியா?"

கண்ணகி மேரியின் தட்டை மேஜையோரம் நகர்த்தினாள்.

"அதனாலதான்னு சொன்னா நீ இங்கயே உக்காந்து அழுவ. அதனால இல்லன்னு சொன்னா நிம்மதியா மூணரை பஸ்ல ஏறிப் போயிடுவ. எனக்கு ரெண்டுமே தெரியாது மேரி. மார்க்கு யாரு சொன்னான்? நம்பர் பேப்பர்ல இல்ல. அவ்ளோதான் தெரியும்."

"நீ வந்து கேட்டிருக்கலாம்."

"வந்தேனே! ரிசல்ட்டு வந்த அன்னிக்கு வந்தேன். உங்கம்மா, நீ கோயிலுக்குப் போயிருக்கேன்னாங்க. உள்ரூமு கதவுக்கு அடியில உன் காலு தெரிஞ்சிது." கண்ணகி சிரித்துவிட்டாள், முழுசாகச் சிரிக்கவில்லை. "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு மாசம் இருந்தேன். ஒரு வருசம் இருந்தேன். அப்பால மலையில இந்த வேல கெடச்சிது, வந்துட்டேன். வெறுத்துக்கினு ஒண்ணும் வரல. எனக்கு இந்த எடம் புடிக்கும். இந்தப் புள்ளைங்க என் கையால சாம்பார் வாங்கிக்கினு ஒரு பார்வ பாக்கும் பாரு, உங்க ஆபீசுல யாரும் உன்ன அப்டிப் பாக்க மாட்டான்."

"மாட்டான்," என்று ஒப்புக்கொண்டாள் மேரி.

"ஆனா கோவம் இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்பவும் கொஞ்சம் இருக்குது."

"எவ்ளோ?"

"அத அளந்து இன்னா பண்ணப் போற?" கண்ணகி கண்ணைச் சுருக்கினாள். பழைய கண்ணகி, பேனா மூடியைக் கடிக்கிறவள், அந்தச் சுருக்கத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "சரி. மெண்டாசிட்டின்னா இன்னா?"

மேரி திகைத்தாள். நாக்கு தானாகச் சொன்னது. "பொய் பேசறது."

"மெண்டிசிட்டி?"

"பிச்சை எடுக்கறது."

"அன்னிக்கு அது. இன்னிக்கு இதுவா?"

மேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முந்துவது என்று அடித்துக்கொண்டது. சிரிப்பு முந்தியது. சத்தம் கேட்டுப் பெரியநாயகி அண்டாவோடு ஓடிவந்தாள். இன்ஸ்பெக்ஷன் அம்மா சமையல் கூடத்து பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதையும், கண்ணகியம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனாள்.

அடங்கியதும் மேரி தாள்களை மேஜையில் வைத்தாள். "எல்லாம் இருக்குது. ஒண்ணுகூட கொறையல. நீயே வெச்சிக்க."

"மொத்தமுமா? எனக்கெதுக்கு மொத்தமும்?"

கண்ணகி தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். பூச்சி அரித்த ஓரங்களைத் தட்டி, பக்க எண் பார்த்து ஒழுங்காக அடுக்கினாள். மெல்ல விரித்தபோது ஒரு கணம் எல்லா ஜோடியும் பழையபடி முகம் பார்த்து நின்றன. கோமுகி அணைத் தண்ணீரும் உளுந்தும். வெயிலும் எருமையும். பிறகு கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"உனக்கொண்ணு," என்று மேரி பக்கம் ஒரு தாளை வைத்தாள். "எனக்கொண்ணு."

"கண்ணகி, அப்டிப் பிரிச்சா ஜோடி..."

"தெரியும். வாய மூடு. உனக்கொண்ணு. எனக்கொண்ணு."

மேரி வாயை மூடிக்கொண்டாள். தாள்கள் ஒன்றொன்றாய்ப் பிரிந்தன. பாதிக்கு மேல் போனபோது கண்ணகியின் கை நின்றது. அந்தத் தாள்தான். இன்ஜென்யுவஸ். கள்ளம் கபடம் தெரியாத. உதாரணம்: எங்கள் மேரி.

கண்ணகி அதைப் படித்தாள். மேஜை மேல் ஒரு சிவப்புப் பேனா கிடந்தது. மேரி அந்தப் பேனாவையே பார்த்தாள். கண்ணகி அதை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

பேனா கிடந்த இடத்திலேயே கிடந்தது. "இது யாரு முறை?" என்று கேட்டாள் கண்ணகி.

"என்னுது."

"உனக்கொண்ணு," என்று மேரியின் பக்கம் வைத்தாள். அடுத்த தாளில், அதே வரிக்கு நேராக, மேரியின் கோணல் கையெழுத்து. 'இன்ஜீனியஸ்: கெட்டிக்காரத்தனமான. உதாரணம்: கண்ணகி.' அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "எனக்கொண்ணு."

தாள்கள் தீர்ந்தன. கண்ணகி தன் பாதியைச் சுருட்டித் தூக்குக்குள் வைத்து மூடினாள்.

"தூக்கு எங்கம்மாது. தர மாட்டேன். நீ கவர்ல எடுத்துக்கினு போ." அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவிக் கொடுத்தாள். "உங்கம்மா போயிட்டாங்கன்னு சொன்னாங்க. வரணும்னு நெனச்சேன். கால் வரல."

"தெரியும்."

"மிச்சம் வேணும்னா மலையேறி வா. கண்டக்டர் கையில எல்லாம் குடுத்தனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கெழமைன்னா வூட்ல இருப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலதான் வூடு."

மூன்றரை பஸ்ஸுக்குக் கண்ணகி கூட வரவில்லை. நாளைக்குச் சுண்டல் ஊறப் போட வேண்டுமாம். "டர்ஜிட் ஆவணும்ல," என்றாள் போகிற போக்கில்.

*

இறங்குகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர்தான்.

"தூக்கு எங்கம்மா?"

"குடுத்துட்டேன். அவங்களுதுதான்."

"பேப்பரு?"

"பாதி குடுத்துட்டேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தூரத்தில் கோமுகி அணைத் தண்ணீர் ஒரு தகடு போல மின்னியது. மேரி கவரிலிருந்து ஒரு தாளை உருவினாள். அவளுடைய கையெழுத்தில் 'வீனியல்' இருந்தது. அற்பப் பாவம், மன்னிக்கக்கூடியது. உதாரணம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு நூலகம் மூடுகிற அவசரத்தில் விட்டுப்போயிருக்க வேண்டும். அதற்கு எதிரே, 'வீனல்' வரியில், கண்ணகி என்ன உதாரணம் எழுதியிருந்தாள்? எவ்வளவு யோசித்தும் மேரிக்கு ஞாபகம் வரவில்லை. நேற்று பரணில் எல்லாத் தாளையும் பார்த்தாள்தான். அந்த ஒரு வரிக்கு அப்புறம் எதுவும் கண்ணில் நின்றிருக்கவில்லை.

கச்சிராயபாளையம் வந்தது. இறங்குகிற படியில் நின்று திரும்பினாள்.

"ஏம்பா, ஞாயித்துக்கெழமையும் இந்த பஸ் உண்டா?"

"உண்டும்மா. கூட்டம் கம்மியா இருக்கும். ஜன்னல் சீட்டே கெடைக்கும்."

மேரி தலையாட்டிவிட்டு இறங்கினாள்.